மருது ஒட்டிய அறிக்கையும் நான்கு மதிப்பெண்ணும்



இன்றைய கூட்டத்தின் அழைப்பிதழில் ‘வரலாற்றுத் தேர்வில் சான்று வினாக்கள்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் இதைச் சோர்ஸ் கொஸ்டின் என்பார்கள். கல்வெட்டில் நாலு வரி, கலெக்டர் எழுதிய கடிதம், வெளிநாட்டுப் பயணி ஒருவர் எழுதி வைத்த குறிப்பு, இப்படி ஏதாவது ஒன்றைப் பத்தியாகக் கொடுத்துவிட்டு, கீழே இரண்டு மூன்று கேள்வி கேட்பார்கள். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுத் தாளில் இந்த மாதிரி மூன்று பத்திகள் வருகின்றன. பத்தி ஒன்றுக்கு நான்கு மதிப்பெண். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலிலும் இதன் தம்பி உண்டு. சிங்கப்பூரில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், ‘எஸ்.பி.கியூ.’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இன்னும் மனப்பாடத்துக்குத்தான் மவுசு. ஆனாலும் இன்றைய பாடநூல்களில் சான்றுகள் பெட்டி கட்டி அச்சாகின்றன. இன்றைக்குப் பெட்டிக்குள் இருப்பது நாளைக்குக் கேள்வித்தாளில் வரும்.

இங்கிலாந்தில் 1972-இல் பள்ளி வரலாற்றுக்கென்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ராஜாக்களின் பட்டியலை ஒப்பிப்பதை விட்டுவிட்டு, வரலாற்று ஆராய்ச்சியாளர் செய்யும் வேலையைப் பிள்ளைகளும் கொஞ்சம் செய்து பார்க்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். இந்த வகைக் கேள்விகள் உலகத் தேர்வுகளில் பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்தக் கதை அவ்வளவு போதும். நமக்கு நரிக்குடி பக்கத்தில் இருக்கிறது.

விருதுநகரிலிருந்து மானாமதுரை போகிற ரயிலில் ஏறினால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று வரிசையாக வரும். நரிக்குடிக்குப் பக்கத்தில் முக்குளம், மருது சகோதரர்கள் பிறந்த மண். இந்த வானம் பார்த்த பூமியிலிருந்து போய்ச் சிவகங்கைச் சீமையை ஆண்டவர்களில் இளையவரான சின்ன மருதுவின் பெயரில் 1801 ஜூன் 16 அன்று ஓர் அறிக்கை வெளியானது. திருச்சிக் கோட்டையில் ஆற்காட்டு நவாபு அரண்மனை வாசலில் ஒன்று, ஸ்ரீரங்கம் கோயில் மதிலில் ஒன்று என்று ஒட்டப்பட்டது. நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 24-இல், திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரையும் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் தூக்கில் போட்டார்கள். நம் பத்தாம் வகுப்புப் பாடநூலில் இந்த அறிக்கை பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. மாணவர்கள் தலையாட்டுகிறீர்கள். நல்லது, வருடமும் தேதியும் தெரியும். இப்போது அதை ஒரு சான்றாக வைத்துப் படிப்போம்.

அறிக்கையில் என்ன இருக்கிறது? முதலில், இதைப் பார்க்கிறவர் யாரானாலும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. நாவலந்தீவில் வாழும் எல்லா சாதியாரையும், நான்கு வருணத்தாரையும், முஸ்லிம்களையும் அழைக்கிறது. நவாபு முகமது அலி ஐரோப்பியருக்கு இடம் கொடுத்து ஏமாந்தார், அவர்கள் நம்பிக்கைத் துரோகம் செய்து நாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்கிறது. உங்களுக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் இது நடந்தது என்று மக்களையும் கண்டிக்கிறது. கும்பெனிப் பட்டாளத்தில் சம்பளத்துக்கு இருக்கும் சிப்பாய், நாயக், சுபேதார் வரைக்கும் குரல் கொடுக்கிறது. படித்தவர்கள் நண்பர்களுக்கு எழுதிப் பரப்ப வேண்டும், பரப்பாதவருக்குக் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் சேரும் என்று முடிக்கிறது. ஒரு காலத்தில் நம் வீடுகளுக்கு வருமே, இதைப் பதின்மூன்று பேருக்கு எழுதி அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்று தபால் அட்டை, அதே உத்திதான். அச்சு இயந்திரம் கையில் இல்லாத ஒருவர் செய்தியைப் பரப்ப என்ன வழி என்று யோசித்திருக்கிறார்.

இதை வைத்து நான் ஒரு கேள்வி தயாரித்தேன். அறிக்கை யாரை நோக்கி எழுதப்பட்டது, ஒரு மதிப்பெண். நவாபு மீது என்ன குறை சொல்லப்படுகிறது, ஒரு மதிப்பெண். 1801 கிளர்ச்சியில் எல்லாத் தரப்பு மக்களும் பங்கெடுத்தார்கள் என்பதற்கு இந்த அறிக்கையை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம், இரண்டு மதிப்பெண்.

முதல் இரண்டையும் யாரும் எழுதிவிடுவார்கள். பத்திக்குள்ளேயே விடை இருக்கிறது, தேடி எடுத்தால் போதும். அங்கே நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது ஒன்றுதான் நான் சொல்ல வேண்டியது. ஒரு மதிப்பெண்ணுக்கு அரைப் பக்கம் எழுதுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பக்கம் நிறைந்தால் மார்க் நிறையும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவதில்தான் வண்டி குடை சாய்கிறது. ஒருவன் பத்தியை அப்படியே திருப்பி எழுதுவான்: அறிக்கை எல்லா சாதியாரையும் அழைத்தது, ஆகவே எல்லா சாதியாரும் பங்கெடுத்தார்கள். இன்னொருவன் சான்றைத் தொடவே மாட்டான். மருது என்ற பெயரைப் பார்த்ததும் கைடில் படித்தது எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். வேலு நாச்சியாரில் தொடங்கிக் காளையார்கோயில் கோபுரம் வரை கொட்டிவிடுவான். எல்லாம் சரியான தகவல், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மூன்றாமவன் கொஞ்சம் கெட்டிக்காரன். இது மருது தரப்பு அறிக்கை, ஒருதலைப்பட்சமானது, எனவே நம்ப முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த மூன்றாமவன்தான். முதல் இருவருக்கும் கேள்வி புரியவில்லை. இவனுக்குக் கேள்வி புரிந்திருக்கிறது. ஆனால் வரலாறு என்பது பாரபட்சம் இல்லாத சாட்சிக்காகக் காத்திருப்பது என்று யாரோ அவனை நம்ப வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு சாட்சி கிடையாது. ஒருதலைப்பட்சமான சான்றே சில கேள்விகளுக்கு முதல்தரமான சான்று. சின்ன மருது யாருடைய ஆதரவை நாடினார், எந்தக் கோபத்தைக் கிளறினால் ஜனங்கள் எழுவார்கள் என்று கணக்குப் போட்டார், எதைப் பாவம் என்று சொன்னால் கேட்பவர் பயப்படுவார் என்று நினைத்தார் என்றெல்லாம் கேட்டால், அவருடைய ஒருதலைப்பட்சமான அறிக்கையை விட நல்ல சாட்சி எங்கே இருக்கிறது? அதே அறிக்கையிடம் கும்பெனிப் படையின் பலம் என்ன என்று கேட்டால் அது தடுமாறும். நம்பகம் என்பது சான்றின் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். இன்று மாலை நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றவை இதற்கு விளக்கம்.

என் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும் விடை எப்படி இருக்கும்? எழுதிக் காட்டுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ‘அறிக்கை நான்கு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் கும்பெனிச் சிப்பாய்களையும் அழைக்கிறது. இதிலிருந்து சின்ன மருது பல தரப்பினரின் ஆதரவை நாடினார் என்று உறுதியாகச் சொல்லலாம். அவர்கள் வந்தார்களா என்பதை இது காட்டாது, ஏனெனில் இது அழைப்பு மட்டுமே. புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் கும்பெனி பக்கம் நின்றதால், எல்லோரும் சேரவில்லை என்பது தெரிகிறது.’ நாலே வாக்கியம். முதல் வாக்கியம் பத்தியிலிருந்து எடுத்தது. இரண்டாவது, அதிலிருந்து என்ன தெரிகிறது என்பது. மூன்றாவது, எது தெரியாது என்பது. நாலாவதில்தான் படித்த பாடம் உள்ளே வருகிறது, அதுவும் கேள்விக்கு வேண்டிய அளவுக்கு. கைடில் படித்தது வீண் போகவில்லை, தன் முறை வரும்வரை காத்திருந்தது.

மூன்றாவது வாக்கியத்தை எழுதப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ‘தெரியாது’ என்று எழுதினால் படிக்கவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். சான்று எதைச் சொல்லாது என்று காரணத்தோடு எழுதுவது படித்தவன் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

இன்னொன்றும் கேட்கலாம். இந்த அறிக்கை நம் கைக்கு எப்படி வந்தது? இன்று புத்தகங்களில் படிக்கும் வாசகம் கும்பெனி ஆவணங்கள் வழியாக, ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்து சேர்ந்தது. யாரை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை சொன்னதோ, அவர்களே அதை மொழிபெயர்த்துப் பத்திரப்படுத்தினார்கள். தூக்கில் போட்டவர்களின் காகிதக் கட்டிலிருந்துதான் தூக்கில் தொங்கியவரின் குரலைக் கேட்கிறோம். மொழிபெயர்த்தவர் எந்தச் சொல்லைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்ற ஐயம் எழ வேண்டும். அதே சமயம், இப்படியோர் அறிக்கையைக் கும்பெனி வேலை மெனக்கெட்டு மொழிபெயர்த்து வைத்தது என்பதே, அதை எவ்வளவு ஆபத்தாக நினைத்தார்கள் என்பதற்குச் சான்று. எங்கே கிடைத்தது என்ற குறிப்பு பத்திக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள், பிறகு பத்திக்குப் போங்கள்.

எதிர்ப் பக்கத்துக்குப் போவோம். ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு கும்பெனி ராணுவ அதிகாரி. 1795 வாக்கில் இந்தப் பக்கம் இளைஞராக இருந்தபோது சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதுகிறார். 1801-இல் அதே மருதுவுக்கு எதிரான போரில் வெல்ஷும் இருந்தார். காட்டில் வேட்டையாடப்படும் மிருகம்போலத் துரத்தி, தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடித்து, தூக்கில் போட்டதை வருத்தத்தோடு பதிவு செய்கிறார். இவை அடங்கிய அவருடைய நினைவுக் குறிப்பு நூல் லண்டனில் வெளிவந்தது 1830-இல்.

இதைக் கொடுத்து, வெல்ஷ் சொல்வதை நம்பலாமா என்று கேட்டால் பெரும்பாலான விடைத்தாள்களில் வருவது இதுதான்: எதிரியே புகழ்ந்திருக்கிறார், ஆகவே உண்மை. மேடையில் கைதட்டல் வாங்க இது போதும். தேர்வுத்தாளில் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நடந்தது 1795, 1801. அச்சானது 1830. அவர் எழுதிவந்த நாட்குறிப்பு கையில் இருந்தது உண்மைதான், ஆனாலும் இடையில் ஏறத்தாழ ஒரு தலைமுறை போய்விட்டது. சண்டை முடிந்து, ஜெயித்து, மருது சீமை கும்பெனிக்கு அடங்கிய பிறகு, தோற்றவனைப் புகழ்வதில் ஜெயித்தவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. வீரமான எதிரியை வென்றோம் என்றால் வென்றவனுக்கும் பெருமைதான். லண்டன் வாசகருக்கும் அது பிடிக்கும். அப்படியானால் எல்லாம் கதையா? அதுவும் இல்லை. வளரி வீசக் கற்றுக் கொடுத்தார் என்பது போன்ற சின்னச் சின்ன விவரங்களைப் புனைந்து சொல்வதால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. வளரி எப்படிப் புழங்கியது, பாளையத்துத் தலைவர்களும் கும்பெனி அதிகாரிகளும் போருக்கு முன்னால் எவ்வளவு நெருக்கமாகப் பழகினார்கள் என்பதற்கெல்லாம் வெல்ஷ் நல்ல சாட்சி. போர் நியாயமா என்று அவரைக் கேட்டால் தன் பக்கத்தைத்தான் பேசுவார்.

வெல்ஷின் நூலில் ஒரு பக்கம் எனக்கு மறப்பதில்லை. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன், பதினைந்து வயதுப் பையன். 1818-இல் வெல்ஷ் பினாங்கு போகிறார். தளர்ந்து போன, கிழவரைப் போன்ற ஒருவர் எதிரில் வந்து நிற்கிறார். யார் என்று அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்டதும்தான் துரைசாமி என்று தெரிகிறது. அப்போது அவருக்கு வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். நாடு கடத்தல் பற்றிக் கும்பெனி எழுதிய உத்தரவுகளில் பெயர்ப் பட்டியல் இருக்கும், தேதி இருக்கும். பதினாறு வருடம் ஒரு மனிதனை என்ன செய்தது என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. வெல்ஷ் அதைக் காட்டுகிறார், தன் மன உறுத்தலையும் சேர்த்துக் காட்டுகிறார். உணர்ச்சி கலந்த சான்று என்று ஒதுக்கினால் நமக்குத்தான் நஷ்டம்.

இரண்டு சான்றுகளை எதிரெதிரே வைத்துக் கேட்பது இன்னொரு வகை. அதற்கும் தூரம் போக வேண்டாம். திருச்சுழிக்குப் பக்கத்தில் பள்ளிமடம் காளைநாதர் கோயில். சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. பத்தாம் நூற்றாண்டு. பாண்டியன், சோழன் ஒருவனின் தலையைக் கொண்டதாகப் பட்டம் சூட்டிக்கொள்கிறான். வடக்கே போனால் ஆதித்த கரிகாலன் கல்வெட்டுகள், வீரபாண்டியன் தலைகொண்டவன் என்று அவனைச் சொல்கின்றன. பொன்னியின் செல்வன் படம் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை பழக்கமானதுதான். ஒரு சான்று இப்படி, இன்னொன்று அப்படி, எனவே இரண்டும் பொய் என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இரண்டு பட்டமும் இரண்டு வெவ்வேறு சமயத்தில் நடந்ததைச் சொல்லக்கூடும். தலைகொண்டது என்பது வெட்டியதா, தலைவணங்க வைத்ததா என்று பெரிய அறிஞர்களே ஐயப்பட்டிருக்கிறார்கள். வீரபாண்டியனிடம் தலை இழந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சோழன் எவன் என்பதும் இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் ஒன்று உறுதி: எதிரியின் தலையைக் கொள்வதுதான் அரசனுக்கு உச்சப் பெருமை என்பதில் இரு பக்கமும் ஒத்துப்போகின்றன. சான்றுகள் மோதும் இடத்தைக் காட்டினால் பாதி மதிப்பெண். மோதிக்கொண்டே எதில் ஒத்துப்போகின்றன என்று காட்டினால் மீதியும் உங்களுக்கு.

அந்தக் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் ராஜாவின் பட்டத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரு விளக்கு இருக்கும். நந்தா விளக்கு எரிய ஆடுகள் கொடுத்த செய்தி. ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் தலைமுறை தலைமுறையாக நெய் அளக்க வேண்டும். மந்தையில் ஆடு குறையாது, அதற்கு மூப்பும் சாவும் இல்லை என்ற கணக்கில் எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் பட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். நெல் விளையும் நன்செய்ப் பக்கம் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தவர்கள் ஏராளம். கிடை போடுகிற புன்செய்ச் சீமையில் ஆடுதான் முதல். அந்த மூலதனத்தை ராஜா காலத்திலேயே வட்டிக்கு விட்டிருக்கிறார்கள், வட்டி நெய்யாக வந்தது. மல்லாங்கிணறு பக்கமிருந்து வந்திருக்கும் தம்பி ஒருவன் வீட்டில் ஆடு இருக்குமானால், இந்தக் கல்வெட்டை என்னைவிட நன்றாக அவன் வாசிப்பான். குட்டி போட்டாலும் செத்தாலும் எண்ணிக்கை மாறாமல் நெய் அளப்பதில் யாருக்குச் சிரமம் என்று அவனுக்குத் தெரியும்.

அரசாங்கக் காகிதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். பரம்பரைத் தர்மகர்த்தா என்ற முறையில் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. நீதிமன்றத் தீர்ப்பைவிட நம்பகமான ஆவணம் எது என்று கேட்பார்கள். எந்தக் கேள்விக்கு என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். அந்தக் காலத்து நீதிபதிகள் வழக்கத்தையும் சாத்திரத்தையும் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அது தங்கமான சான்று. கோயிலுக்குள் போக யாருக்கு உரிமை உண்டு என்பதற்கு அது சான்றாகாது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கவே சட்டசபைக்கு 1939 வரை ஆனது.

இனி ஆசிரியர்களுக்கு, கொஞ்சம் கசப்பாக. பல கேள்வித்தாள்களில் வரும் சான்றுப் பத்தி வெறும் அலங்காரம். பத்தியைக் கையால் மூடிக்கொண்டு கீழே உள்ள கேள்விகளைப் படித்துப் பாருங்கள். மூடியபடியே விடை எழுத முடிந்தால் அது சான்று வினா இல்லை, பழைய இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மேல் ஒரு பத்தியைத் தூக்கி வைத்திருக்கிறோம். உள்ளூர்த் தேர்வுக்குத் தாள் தயாரிக்கும்போதாவது இந்தச் சோதனையைச் செய்யுங்கள். திருத்துவதும் அப்படித்தான். விடைக்குறிப்பில் நான்கு பாயிண்ட் இருக்கும். பிள்ளை ஐந்தாவதாக ஒன்றை, சான்றிலிருந்தே எடுத்து, காரணத்தோடு எழுதியிருப்பாள். அதற்கு மார்க் போட மனம் வராது, குறிப்பில் இல்லையே என்று. அவள் அடுத்த வருடம் யோசிக்க மாட்டாள். குறிப்பில் என்ன இருக்கும் என்று ஊகிக்கத்தான் பார்ப்பாள்.

பயிற்சிக்குச் சான்று எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எல்லோரும் போக முடியாது. இந்த ஊரில் காதுகுத்து, கல்யாணம், வசந்தவிழா எது வைத்தாலும் மொய் நோட்டு உண்டு. பழைய நோட்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர், ஊர், தொகை, இடையிடையே ‘பழைய பாக்கி’, ‘புது மொய்’ என்று இருக்கும். மூன்று கேள்வி போடுங்கள். இதை எழுதியவர் யார், யார் படிப்பதற்காக எழுதினார்? எந்தெந்த ஊரோடு இந்த வீட்டுக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதை இதிலிருந்து எவ்வளவு தூரம் அறியலாம்? அதிகம் மொய் வைத்தவர்தான் இந்த வீட்டுக்கு நெருக்கமானவர் என்று ஒரு மாணவர் எழுதுகிறார்; இந்த நோட்டை வைத்து அதை ஏற்பீர்களா? கடைசிக் கேள்விக்கு இரண்டு மதிப்பெண், எட்டு வரிக்கு மேல் வேண்டாம். நோட்டில் உள்ள பெயர்களை மட்டும் முதலிலேயே தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். யார் எவ்வளவு வைத்தார் என்று ஊருக்குள் தெரிந்தால், திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியர் அறை வாசலில் சித்தப்பாக்களும் மாமாக்களும் வந்து நிற்பார்கள்.